செவிக்குரிய மண்டபம்

மண்டபமொன்றைப் புகழ்வோர் பெரும்பாலும் அதன் தோற்றத்தையே புகழ்வர். ஆயின் இசையரங்கு கண்ணுக்காக எழுவதா, செவிக்காக எழுவதா? இவ்வினாவிற்கு அமெரிக்க அரங்குகள் இரண்டு விடை பகர்கின்றன.

1895ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துப் புதிய விரிவுரை மண்டபமொன்றில் ஆசிரியர் பேச்சு மாணவர்க்கு விளங்கவில்லை. எழுந்த ஒலி ஏறக்குறைய 5.5 செக்கன் நின்று முழங்கியமையால் சொல்லின்மேற் சொல் ஏறிக் குழம்பிற்று. காரணத்தை ஆராயப் புகுந்த பௌதிகவியலாளர் வொலஸ் சேபின், அயல் அரங்கொன்றின் ஆசன மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்பி, எதிர்முழக்க நேரத்தை அளந்தார். அந்நேரம் மண்டபத்தின் கனவளவு பெருகக் கூடும். ஒலியுறிஞ்சல் பெருகக் குறையும் என்பது அவர் கண்ட விதி. மாந்தர் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவன. ஆகவே சபையோரும் மண்டபத்தின் உறுப்பேயாவர். வெறும் மண்டபத்து ஒத்திகை நிறைந்த சபையில் வேறாக ஒலிப்பது இதனாலேயாம்.

இவ்விதியின் துணைகொண்டு 1900இல் பொஸ்ரன் இசையரங்கு எழுந்தது. ஒடுங்கி நீண்ட பெட்டி போன்றது அதன் வடிவம். சுவர் மாடங்களும் சிலைகளும், குழிவுகள் நிறைந்த விதானமும் ஒலியைப் பல திசையிலும் சிதறச் செய்கின்றன. அண்மைச் சுவர்களிலிருந்து தெறிக்கும் ஒலி கேட்போரைப் பக்கங்களிலிருந்து சூழ்கின்றது. அலங்காரம் எனத் தோன்றுவது செவிக்குத் தொண்டு புரிகின்றது.

1962இல் நியூயோர்க்கில் திறக்கப்பெற்ற பில்ஹார்மொனிக் மண்டபத்தின் கதை வேறு. அதன் ஒலியியல் ஆலோசகர் லியோ பெரனெக் 54 அரங்குகளை ஆராய்ந்த அறிஞர். எனினும் ஆசனங்களைப் பெருக்கும் பொருட்டு, அவர் விரும்பிய வடிவம் மாற்றப்பட்டது. ஒலியைச் சிதறவைக்கும் சுவர் மேடுபள்ளங்களும் கைவிடப்பட்டன. தாழ்ந்த சுரங்கள் மெலிந்தன, குறைகூறல் எழுந்தது. 1976இல் உட்புறம் முழுவதும் மாற்றிக் கட்டப்பட்டது. அதுவும் நிறைவளிக்காமையால், ஆசனங்கள் ஏறத்தாழ 2,200 ஆகக் குறைக்கப்பட்டு, 2022இல் மீண்டும் புதுக்கித் திறக்கப்பட்டது.

இத்தோல்வியை விஞ்ஞானத்தின் தோல்வி என்பார் உளர். அது முற்றும் பொருந்தாது. எதிர்முழக்கம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையே சேபின் விதி கூறும். ஒலி எத்திசையிலிருந்து வரும், எங்ஙனம் பரவும் என்பவற்றைக் கூறாது. இக்குறை அறிவின்பாலது. அறிந்ததையும் ஆசன எண்ணிக்கைக்காக விட்டுக்கொடுத்தமையோ கட்டுவித்தோர்பாலது. பின்னையதே பெருங்குற்றம் என்பது எமது துணிபு. ஆசனங்களை எண்ணுவோர், அவற்றில் அமர்வோரின் செவிகளையும் எண்ணக் கடவர்.