பாலா, பால்மாவா?

விளாத்திகுளம் டீக்கடையில் பால் பாத்திரம் அடுப்பை விட்டு இறங்குவதில்லை. சோளத்தட்டையும் பருத்திக்கொட்டையும் தின்கிற சுற்றுப்புற மாடுகளின் பால் அது. மாஸ்டர் துணி வடிகட்டியில் டிகாஷன் இறக்கி, பால் ஊற்றி, தூக்கி ஆற்றித் தருகிறார். யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடையிலோ, கோப்பையில் பால்மாவும் சீனியும் போட்டு, கொதிக்கும் சாயத்தை ஊற்றி நுரை வர அடிக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கூட்டுறவுப் பாலான ஆவினுக்கு இங்கே உள்ள இடத்தில் அங்கே நியூசிலாந்தின் ஆங்கர் பால்மா நிற்கிறது.

பன்னாட்டு நிறுவனங்கள் உள்ளூர்ப் பண்பாட்டுக்கு வளைந்து கொடுப்பதாகச் சொல்வது வழக்கம். எங்கே வளைகின்றன, எங்கே நம்மை வளைக்கின்றன என்பது பாலில் தெரியும்.

இந்தியாவில் 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சி, கறவை மாடு வைத்திருப்பவரைக் கூட்டுறவுச் சங்கத்தோடு சேர்த்துவிட்டது. பால் ஊருக்குள்ளேயே கிடைத்ததால், நிறுவனங்கள் பாலில் கலப்பதை விற்றன. இங்கிலாந்தில் படுக்கப்போகும்முன் குடிக்கும் ஹார்லிக்ஸ், இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கான சத்து பானம் ஆனது. தென்னிந்திய நாக்குக்காக புரூவும் சன்ரைஸும் சிக்கரி சேர்த்துக்கொண்டன. அன்றாடக் கூலிக்காரருக்கு ஏற்ற சின்ன பாக்கெட்டில் பொருளை விற்கும் உத்தியையும் கடலூர் வியாபாரி சின்னி கிருஷ்ணன் போன்ற உள்ளூர்க்காரர்கள்தான் முதலில் காட்டினார்கள்.

இலங்கையிலும் வளைந்து கொடுத்த கதை உண்டு. நெஸ்லே குருநாகல் மாவட்டத்துப் பன்னலையில் தேங்காய்ப்பால் மா தயாரித்து ஏற்றுமதி செய்கிறது. ஆனால் பசும்பால் விஷயம் வேறு. நாட்டின் பால் தேவையில் பாதியைக்கூட உள்ளூர் மாடுகள் எட்டவில்லை. 1977-க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலும் கெடாமல் இருக்கும் 400 கிராம் பால்மா பாக்கெட், வீட்டுச் சாமானாகவே ஆகிவிட்டது.

2022-ல் இலங்கையிடம் இறக்குமதிக்கான டாலர் தீர்ந்தது. மார்ச்சில் அந்த பாக்கெட் 790 இலங்கை ரூபாய்க்கு ஏறியது; கடையில் பால் தேத்தண்ணி 100 ரூபாயைத் தொட்டது. பலர் வெறுந்தேத்தண்ணிக்கு இறங்கினார்கள்.

இதில் விளாத்திகுளத்துக்காரர் பெருமைப்பட ஒன்றும் இல்லை. நெஸ்லேயின் எவ்ரிடே பால்பவுடர் இங்கேயும் விற்கிறது; டீக்கடை அடுப்புக்கு மட்டும் அது ஏறவில்லை. மழை பொய்த்து, தீவனவிலை ஏறி, கரிசல் விவசாயி மாட்டை விற்கத் தொடங்கினால் அந்தப் பவுடர் அடுப்புக்கும் ஏறிவிடும். நிறுவனம் எவ்வளவு வளையும் என்பது பால் சங்கம் கறவைக்காரருக்குக் கொடுக்கும் லிட்டர் விலையைப் பொறுத்தது.