பன்னிரண்டு வீடுகளும் ஒரு வக்கீலும்

'குலோவீ ப்ளெஸ்க்' என்ற செக் படத்தை முதன்முறை பார்த்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். 1978ஆம் ஆண்டுப் படம். தலைப்புக்குப் பந்து மின்னல் என்று பொருள். லடிஸ்லாவ் ஸ்மொல்யாக்கும் ஸ்டெனெக் ஸ்வெராக்கும் எழுதியது. ஸ்மொல்யாக்கும் ஸ்டெனெக் பொட்ஸ்கல்ஸ்கியும் இயக்கியது. பிராக் நகரில் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரே நாளில் வட்டமாக வீடு மாற வேண்டும். ஒருவர் பின்வாங்கினாலும் அத்தனை பேரும் நடுத்தெருவில். ரடோஸ்டா என்ற வக்கீல் இதைப் போர்த்திட்டம்போல் வகுக்கிறார். ருடால்ஃப் ஹ்ருஷின்ஸ்கி அவரைத் தளபதியின் நிதானத்தோடு நடித்திருக்கிறார்.

ஏன் இவ்வளவு சிக்கல்? அன்றைய சோசலிச செக்கோஸ்லோவாக்கியாவில் நகர வீடுகள் பெரும்பாலும் அரசின் ஒதுக்கீட்டிலோ கூட்டுறவிலோதான் கிடைத்தன. அதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குடியிருக்கும் உரிமையை அனுமதி பெற்று இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளலாம். வேறு வழியில்லாத மக்கள் அந்தச் சின்னச் சந்துக்குள் புகுந்தார்கள்.

இரண்டாம் முறை பார்த்தபோது எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. இடையில் என் மணவாழ்க்கை முடிந்திருந்தது. தீர்ப்பு வந்த பிறகும் பதினோரு மாதம் நான் அதே வீட்டில் இருந்தேன். தனியாக வாடகை கொடுக்க வழியில்லை. ஒரே அடுப்பு, ஒரே குளியலறை. அவர் வரும் நேரம் பார்த்து நான் சமைப்பேன்.

அந்த நாட்டில் இது பல பெண்கள் அறிந்த வாழ்க்கை. பெண்களில் மிகப் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். மணவிலக்கும் அரிதல்ல. ஆனால் பிரிந்தவளுக்குப் போக இடமில்லாததால், முன்னாள் கணவனோடு அதே வீட்டைப் பங்குபோட்டு வாழ நேர்ந்தது. சட்டம் அவளை விடுவித்தது, வீடு விடவில்லை.

வக்கீலின் திட்டமோ குடும்பங்களைத்தான் எண்ணுகிறது. ஒரு குடும்பம், ஒரு கண்ணி. அந்தக் கண்ணிக்குள் யாருக்கு எவ்வளவு இடம் என்று கணக்கில்லை. எழுத்தாளர்கள் இருவரும் யாரா சிம்ர்மன் நாடகக் குழுவைச் சேர்ந்தவர்கள். அக்குழுவின் மேடையில் பெண் வேடங்களையும் ஆண்களே போட்டார்கள். இந்தப் படத்தில் பெண்கள் நடிக்கிறார்கள். ஆனாலும் வரைபடம் ஆணின் கையில்தான்.

இருந்தும் படத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். வீட்டுப் பஞ்சத்தை அந்த ஆட்சியின் காலத்திலேயே வெளிப்படையாகச் சிரிக்கவைத்த படம் அது. அதோடு, ஒரே ஒரு ஆள் தயங்கினால் பெரிய இயந்திரமே நின்றுவிடும் என்ற உண்மை அதில் இருக்கிறது. அந்தத் தயக்கம் வக்கீலுக்கு இடைஞ்சல். எனக்கோ, 'உனக்குச் சம்மதமா?' என்று கேட்டாக வேண்டிய ஒரே தருணம் அது.

கடைசியில் எனக்கு ஒரு மாடி அறை கிடைத்தது. முதல் நாள் வாங்கிய சாமான் பூட்டுதான். அன்றிரவு பத்து மணிக்குச் சாவகாசமாக உலை வைத்தேன்.