சொல்லாமல் விட்ட ஃப்ளாக்

கட்டளைவரி நிரல்களில் ஒரு ஃப்ளாக்கை எழுதினால் ‘ஆம்’ என்றும், எழுதாவிட்டால் ‘இல்லை’ என்றும் கொள்ளும் வழக்கம் யூனிக்ஸின் ஆதிநாள் தொட்டு இன்றுவரை நிலைபெற்றிருப்பதற்கு அதன் சிக்கனமே காரணம். ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் போதும். மதிப்பைத் தனியே எழுதும் சிரமம் இல்லை. ஆயினும், பயனர் வாய் திறவாத இடத்தில் நிரலாசிரியரே அவர் சார்பில் ஒரு தீர்மானம் செய்துவிடுகிறார் என்பதையும், அத்தீர்மானத்தின் பலாபலன் பயனரையே சாரும் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

‘ஆர்எம்’ கட்டளையைப் பார்ப்போம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற கணக்கில், எழுதும் உரிமையுள்ள கோப்பை அது கேள்வியின்றி அழித்துவிடும். கேட்டுக்கொண்டு அழிக்க வேண்டுமானால் ‘ஐ’ ஃப்ளாக்கை நாமே இட வேண்டும். இந்த அபாயத்தை அஞ்சிச் சில லினக்ஸ் விநியோகங்கள் ரூட் கணக்குக்கு அந்த ஃப்ளாக்கை அலியாஸ் மூலம் முன்கூட்டியே சேர்த்துவைத்தன; விளைந்ததோ, ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஒய்’ அடித்துச் சலித்தவர்கள் ‘எஃப்’ ஃப்ளாக்கைச் சேர்க்கப் பழகிக்கொண்டதுதான். இவ்விரண்டில் பின்னால் வருவதே செல்லும் என்பது போஸிக்ஸ் விதியாதலால், முன்னெச்சரிக்கை அக்கணமே செயலிழக்கிறது. இதைக் காட்டிலும் விவேகமானது, குனு கோர்யூட்டில்ஸ் 2006இல் வெளிவந்த 6.4ஆம் பதிப்பு முதல் செய்துள்ள ஏற்பாடு: மூல அடைவையே அழிக்கச் சொன்னால் ‘ஆர்எம்’ மறுத்துவிடும், பிடிவாதமாக அழிக்க விரும்புவோர் ‘நோ-பிரிசர்வ்-ரூட்’ என்னும் நெடும் ஃப்ளாக்கை எழுதியாக வேண்டும். அபாயம் பெரிதாக உள்ள இடத்தில் மட்டும் தடையை வைத்ததால், அன்றாட வேலைக்கு அது இடையூறாகவும் இல்லை.

இயல்பு மதிப்பு ‘ஆம்’ என்றிருக்கும்போதுதான் இவ்வழக்கத்தின் ஊனம் முழுமையாக வெளிப்படுகிறது. பைத்தானின் ஆர்க்பார்ஸில் ‘ஸ்டோர் ட்ரூ’ என்று அமைத்து, இயல்பு மதிப்பையும் ‘ட்ரூ’ என்றே வைத்துவிட்டால், அந்த ஃப்ளாக்கை எழுதினாலும் எழுதாவிட்டாலும் பலன் ஒன்றே; நிறுத்த வழியில்லை. அதற்கு மாற்றாக மதிப்பின் வகையைப் ‘பூல்’ என்று அறிவிப்பவர்களுக்கு நேர்வது இன்னும் விபரீதம்: பயனர் ‘ஃபால்ஸ்’ என்று அடிக்கிறார், காலியல்லாத எந்தச் சரமும் பைத்தானுக்கு உண்மையே ஆதலால், நிரல் அதை ‘ட்ரூ’ என்று ஏற்றுக்கொள்கிறது. 2020இல் வந்த பைத்தான் 3.9, ஃப்ளாக்கையும் அதன் ‘நோ’ வடிவத்தையும் ஒரே அறிவிப்பில் சேர்த்துத் தரும் வசதியை அளித்தது.

ஒவ்வொன்றுக்கும் இரட்டை வடிவம் தந்தால் உதவிப் பக்கம் நீண்டுவிடும் என்பது மெய்யே. இருப்பினும், இயல்பு மதிப்பு என்றேனும் மாறக்கூடிய இடத்தில் அது அவசியம் என்பதே என் அபிப்பிராயம். ‘கிட் புல்’ இதற்குச் சாட்சி. கிளைகள் பிரிந்துபோன நிலையில், முன்பெல்லாம் யாரும் சொல்லாமலே மெர்ஜ் செய்துவந்த அக்கட்டளை, 2020இன் 2.27ஆம் பதிப்பில் எச்சரிக்கத் தொடங்கி, 2021இல் வந்த ஒரு பதிப்பு முதல், எந்த முறை என்று சொல்லாவிட்டால் நின்றுவிடலாயிற்று. மௌனத்தை நம்பிய ஸ்கிரிப்டுகள் அங்கே பிழை காட்டி நின்றன. ‘நோ-ரீபேஸ்’ என்று முன்பே வெளிப்படையாக எழுதியிருந்தவை மாற்றமின்றி ஓடின.