முதல் தோல்விக்குப் பின் ஹெவிவெயிட்: எங்கள் வாத்தியார் பார்த்த விதம்

மலர்க் குழுச் செயலாளர் கேட்டது சென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிப் பொதுவாக ஒரு கட்டுரை. பெரியவர்கள் சொல்லைத் தட்ட முடியாது, எழுதுகிறேன். ஆனால் இங்கே திருவனந்தபுரத்தில், ஆரியசாலையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை, நம் ஆட்கள் இருவர் சந்தித்தால் இப்போது பேச்சு ஒன்றுதான்: நம் கழகத்து ஹெவிவெயிட் பையன் இரண்டாம் ரவுண்டில் விழுந்தது. சுமட்டுக்காரர் மகன், பத்தொன்பது வயது, நல்ல தோள். அதற்குள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று எல்லா வாசலும் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க ஒன்றுமில்லை. கித்தேரி முத்து - நாட் டெர்ரி சண்டையைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஆடிக் காட்டும் அண்ணாச்சிகள் நம்மிடம் உண்டு. நான் இடியப்ப நாயக்கர் வாசலில் கை கட்டியவன். 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்ததிலிருந்து சின்னப் பிள்ளைகள்கூட எங்களை வில்லன் கோஷ்டியாகப் பார்க்கிறார்கள். சார்பட்டாக்காரர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. இதை மட்டும் மலரில் பதிந்து வைக்கிறேன்.

தோற்று வரும் பையனிடம் எங்கள் வாத்தியார் முதலில் கேட்பது, "அடியப் பாத்தியா?" பார்க்காத அடிதான் ஆளைக் கவிழ்க்கும். அப்படி விழுந்தவனுக்குக் கண்ணும் கையும் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம், பழக்கலாம். மூச்சு போய்த் தோற்றால் திட்டித் தீர்ப்பார், ஆனால் மறுநாள் விடியுமுன் கடற்கரையில் ஓடவிடுவார். வருகிற அடியைப் பார்த்தும், அது சின்ன அடியாக இருந்தும், மறுபடி மறுபடி கால் மடிந்தால்தான் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப் போவார். மூச்சையும் ஸ்டெப்பையும் வாத்தியார் கொடுக்கலாம், தாடை பிறவியில் வருவது என்பது அவர் கணக்கு. மற்ற வாசல்களின் நல்ல வாத்தியார்களும் இதை வேறு சொல்லில் சொல்லியிருப்பார்கள்.

உலகக் கணக்கும் இதற்கு ஒத்துத்தான் வருகிறது. 1936 ஜூனில் ஷ்மெலிங்கிடம் 12ஆம் ரவுண்டில் விழுந்தபோது ஜோ லூயிக்கு வயது 22. அதுவரை தொழில்முறையில் தோல்வியே கிடையாது. இடது ஜாப் விட்டதும் லூயியின் கை தாழ்வதை ஷ்மெலிங் முன்பே பார்த்து வைத்திருந்தார். தாழும் நேரம் பார்த்து வலது கையை இறக்கினார். கை தாழ்வது திருத்தக்கூடிய பிழை. மறு ஆண்டே லூயி சாம்பியன். 1938இல் திரும்ப மோதியபோது ஷ்மெலிங் முதல் ரவுண்டைத் தாண்டவில்லை.

விளாதிமிர் கிளிச்கோ 1998இல் கீவில், அதற்கு முன்பே பல முறை தோற்றிருந்த ராஸ் பியூரிட்டியிடம் மூச்சு வாங்கி நின்று தோற்றார். அது கணக்காகச் செலவழிக்கத் தெரியாதவனின் தோல்வி. பிறகும் இரண்டு முறை அடிபட்டு விழுந்து, பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்டின் கையில் திருந்தி, 2006 முதல் 2015 வரை பட்டத்தை விடவில்லை.

டேனியல் டுபாவின் கதைதான் எனக்கு நெருடல். 2020இல் ஜோ ஜாய்ஸிடம் பத்தாவது ரவுண்டில் முட்டி போட்டார். கண்குழி எலும்பு உடைந்திருந்தது. கோழை என்று எழுதாத ஆள் இல்லை. 2024 செப்டம்பரில் வெம்ப்ளியில் அதே பையன் அந்தோனி ஜோஷுவாவை ஐந்தாம் ரவுண்டில் சாய்த்தார். மறு ஆண்டு உசிக்கிடம் மறுபடி தோற்றார் என்பதும் உண்மை. எங்கள் வாத்தியார் இருந்தால் இந்தப் பையனை என்ன சொல்லியிருப்பார் என்று பலநாள் யோசித்திருக்கிறேன், பிடிபடவில்லை.

நம் நாட்டில் கனமான உடம்புக்காரன் களத்துக்கு வருவதே தாமதம். 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய கௌர் சிங் ராணுவத்துக்குப் போன பிறகு குளோவ்ஸ் போட்டவர். சதீஷ் குமாரும் ராணுவத்தில்தான் கற்றார். முகத்தில் தையலோடு டோக்கியோ ஒலிம்பிக்கில் உலக சாம்பியன் ஜலோலோவ் முன் நின்றார், தோற்றார். அதைத் தோல்விக் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். யாரையும் குறிப்பிடவில்லை, இன்று பயிற்சி தருபவர்களில் பலர் என்னைவிடப் படித்தவர்கள். ஆனால் கை கட்டுவது எங்கே போயிற்று? கட்டைவிரலில் வளையம் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகளுக்கு மேல் மடித்து அடுக்கி, விரலிடுக்கில் இழுத்து, மறுபடி மணிக்கட்டுக்குக் கொண்டுவந்து முடிக்க வேண்டும். கட்டும்போது வாத்தியார் பேசமாட்டார். பையன் கை நடுங்குகிறதா, உள்ளங்கை வேர்க்கிறதா என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும். இன்று ஒட்டுப்பட்டி உறையைப் பையனே மாட்டிக்கொள்கிறான். வாத்தியார் போனில் படம் எடுக்கிறார். கையைத் தொடாதவருக்குப் பையன் ஏன் தோற்றான் என்று எப்படித் தெரியும்? தெரியாததால்தான் நடுவர் மேல் பழி, குலுக்கல் மேல் பழி. தோற்ற வீடியோ மட்டும் குழுவிலிருந்து மாயமாகிறது. மெடல் படமோ ஆறு மாதம் தொங்குகிறது, அந்த எடையில் இரண்டே பேர் பெயர் கொடுத்த போட்டியாக இருந்தாலும். முடிச்சுப் போடத் தெரியாத தலைமுறை, ஷூ லேஸ் முதற்கொண்டு, வளர்ந்துவிட்டது. குத்துச்சண்டை மட்டுமல்ல, சாலைக் கடைத்தெருவில் மூட்டை கட்டுவதுகூட முன்போல் இல்லை.

போகட்டும். பையனைப் போன வாரம் கடைக்கு அழைத்து அதே கேள்வியைக் கேட்டேன். "பாக்கல அண்ணாச்சி, எடது பக்கத்துலேந்து வந்துச்சு" என்றான். எழுந்து மீதி ரவுண்டை நின்றே முடிக்கப் பார்த்திருக்கிறான், நடுவர்தான் நிறுத்தினார். எனக்கு அது போதும். அவனுக்குக் குறை ஸ்பாரிங்தான். நம் ஊரில் அவன் எடைக்கு எதிரே நிற்க ஆளில்லை. அறுபது கிலோப் பையன்களோடு ஆடி ஆடி இடது பக்கம் காவல் இல்லாமலே வளர்ந்துவிட்டான். இரண்டு மாதம் சென்னையில் தங்கி, தன் எடைக்காரர்களிடம் அடி வாங்கிப் பழகட்டும். மெயிலில் போகவர டிக்கெட்டும் தங்கும் செலவும் கழகம் ஏற்க வேண்டுமென்று பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கிரேப் பேண்டேஜ் செலவு என்னுடையது.