கம்பமும் கிணறும்

நகரங்களை ‘ஸ்மார்ட்’ ஆக்குவோர் காட்டும் வரவுசெலவுக் கணக்கிலே நிலத்துக்கு மேலே தெரிபவை மட்டுமே இடம்பெறுகின்றன.

இந்தியா 2015இல் தொடங்கிய நூறு நகரத் திட்டம் 2025 மார்ச்சில் முடிவுற்றது. அத்திட்டத்தின்கீழ், சென்னைப் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதையை 2019இல் திறந்தார்கள். மோட்டார் வண்டிகளுக்கு அஞ்சி ஒதுங்கிய சாதாரண மக்கள் நிமிர்ந்து நடந்தனர்; அதைப் பழிப்பது முற்போக்காகாது. ஆயினும் 2021 நவம்பர் மழையில் அதே தியாகராய நகர் வெள்ளத்தில் நின்றது. அப்பணிகளைப் பற்றி அரசு விசாரணைக்குழு அமைக்க நேர்ந்தது.

யாழ்ப்பாணத்திலோ, 2019இல் மாநகர சபை ஸ்மார்ட் விளக்குக் கம்பங்களை நாட்ட முற்பட்டபோது, ஐந்தாந் தலைமுறை அலைவரிசையால் நோய் வருமென்று எதிர்ப்புக் கிளம்பியது. சபை மறுத்தது. விவாதம் பெரும்பாலும் கதிர்வீச்சைச் சுற்றியே சுழன்றது. கம்பத்தால் கம்பனிக்கு என்ன இலாபம், தெருவில் நடப்பவனுக்கு என்ன இலாபம் என்ற எளிய வினா பின்தள்ளப்பட்டது.

இது வற்றாத ஆறில்லாத குடாநாடு. சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரையே நகரம் தலைமுறைகளாகக் குடித்தது. 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்ட பின்னரும், நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்கு இறைப்பது அந்த நிலத்தடி நீரைத்தான். மலசலகூடக் குழிகளின் கசிவும் தோட்டத்து யூரியாவும் அதிலேயே நைத்திரேற்றாய்ச் சேர்கின்றன. (எங்கள் தோட்டக்காரரும் இதில் சுத்தவாளிகள் அல்லர்.)

கண்காணிப்புக் கருவி வேண்டுமாயின் முதலிற் கிணற்றிலே வையுங்கள். அது காட்டும் அளவை வாரந்தோறும் வாசிகசாலைப் பலகையிலே தமிழில் எழுதிப் போடுங்கள்.