செதில் முதுகுக் குஞ்சுகள்

பறவை பார்க்க வன்னிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது சுண்டிக்குளத்துப் பூநாரையைத்தான். 1938 இலேயே சரணாலயமாகி, 2015 இல் தேசியப் பூங்காவான இடம். பூநாரைக் கூட்டம் இறங்கி நிற்கும் அழகுக்கு நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் என் மனம் வேறிடத்தில். புரட்டாதி பிறந்ததும் முல்லைத்தீவுக்குத் தெற்கே, வட்டுவாகல் பாலத்தடிக்குப் போய்விடுவேன்.

மாரி தொடங்கமுன் நந்திக்கடல் ஓரமெல்லாம் வற்றிக் கிடக்கும். சேறு தெரிகிற அந்தச் சில கிழமைகள்தான் உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் பந்தி. மழையில் களப்பு நிரம்பிவிட்டால் அவ்வளவு சின்னக் கால்களுக்கு நிற்க இடமில்லை. விடியக்காலமை போகவேண்டும். வெயில் கடல் பக்கமிருந்து முதுகில் விழ, எதிரே சேற்றில் நிற்பவற்றின் இறகு இறகாகத் தெரியும்.

முதலில் நிறத்தைப் பார்க்காதீர்கள், நடையைப் பாருங்கள். உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, திரும்பவும் ஓட்டம். கொசு உள்ளான் குனிந்த தலை நிமிராமல் தையல் மெசின் ஊசி போலக் குத்திக்கொண்டே போகும். வளைமூக்கு உள்ளான் வயிறு தொடும் தண்ணீரில் இறங்கி, அலகை அடிவரை விட்டு நிதானமாகத் துழாவும். அதைக் கண்டுகொண்ட பிறகுதான் முதுகுக்கு வரவேண்டும்.

ஆவணியில் வந்த பெரியவற்றின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். கூடு கட்டிய காலத்துக் கோலம் கழன்றுகொண்டிருக்கிறது. புரட்டாதியில் வருவது வேறு. முதுகிறகு ஒவ்வொன்றுக்கும் வெளிறிய கரை, மீன் செதில் அடுக்கியதுபோல. மார்பில் பாலாடை நிறம். எங்கும் கசங்காத புது உடுப்பு. அதுதான் அந்த வருடத்துக் குஞ்சு.

சைபீரியாவின் வடகோடியில், மரமில்லாத உறைநிலத்தில் பொரித்தது. தாய் அடைகாத்துக்கொண்டிருக்கும்போதே தகப்பன் தெற்கே கிளம்பிவிடும், பின்னால் தாயும் போய்விடும். அறுபது கிராம் அளவில் ஓர் உடம்பு, 6,500 கிலோமீற்றருக்கு மேல், வழிகாட்டப் பெரியவர் இல்லாமல் வந்து சேர்கிறது.

சில வருடம் எங்கு பார்த்தாலும் செதில் முதுகு, சில வருடம் தேடினாலும் ஒன்றிரண்டுதான். அங்கே லெம்மிங் என்ற எலி மூன்று நான்கு வருடத்துக்கு ஒருக்கால் பெருகும். எலி மலிந்தால் துருவ நரிக்கு அதுவே சாப்பாடு. எலி குறைந்தால் நரி குருவிக் கூட்டுக்கு வரும். வட்டுவாகலில் குஞ்சுகளை எண்ணியே அங்கத்தைய எலிவிளைச்சலை ஒருவாறு ஊகிக்கலாம்.

வீச்சுவலையோடு நின்ற ஒரு அண்ணை ஒருமுறை என் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார்.

"தாய் தகப்பன் எங்கை தம்பி?"

"அதுகள் முந்தியே வந்திட்டுதுகள் அண்ணை. குஞ்சு தனியத்தான் வந்தது."

கனநேரம் அவர் கண்ணை எடுக்கவில்லை. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில் சனம் நடந்து கடந்த பாலம் அது. அவர் வேறொன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாரி இறுகும்போது செதில் இறகு உதிர்ந்து, குஞ்சும் பெரியதும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அப்போது எனக்கு வீட்டு வளவே போதும். மாமரத்தடிச் சருகில் ஆறுமணிக்குருவி தத்தித் திரியும். இரவிரவாகப் பறந்து வருகிற சாதி, வந்த புதிதில் களைத்து விறாந்தையிலும் விழுந்து கிடக்கும். கடகத்தால் மூடி இருட்டில் ஆறவிட்டால் தெளிந்து பறந்துவிடும்.

பழுப்புக் கீச்சான் அப்படி ஒளிந்து திரியாது. கறுப்புக் கண்பட்டியோடு வேலியில் ஏறி நின்று, இது தன் இடமென்று கரகரத்துச் சொல்லும். பிடித்த இடத்துக்கே அடுத்த வருடமும் வரக்கூடியது. எங்கள் வளவில் கிணற்றடி மூலைக் கதியால்தான் அதன் இருப்பு. மற்றக் கதியால்களை அளவாக நறுக்கும்போது அந்த ஒன்றை மட்டும் ஒரு முழம் உயரமாக விட்டுவிடுவேன்.