பண நோட்டில் இருந்த முகம்: செபுல்துரா குறித்துச் சில குறிப்புகள்

செபுல்துராவைப் பற்றி ஒரு கதை நிலைபெற்றுவிட்டது. பிரேசிலின் பெலோ ஹொரிசான்ட்டே நகரில் 1984இல் பதின்வயதுப் பையன்கள் தொடங்கிய ஹெவி மெட்டல் குழு. முதலில் மேற்கைக் காப்பியடித்தார்கள், பிறகு தங்கள் 'வேர்'களைக் கண்டுகொண்டு 1996இல் 'ரூட்ஸ்' தந்தார்கள். போலியிலிருந்து அசலுக்கு ஒரு யாத்திரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

'மார்பிட் விஷன்ஸ்' (1986) தொகுப்பைக் கேளுங்கள். சுருதி விலகிய கிதார்கள், மூச்சுவாங்க ஓடும் டிரம், சாத்தான் சிலுவை என்று கடன்வாங்கிய பூச்சாண்டிகள். இங்கிலீஷ் சரியா வராத பசங்க இங்கிலீஷ்ல கத்துறாங்க. காப்பிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காப்பி சரியாக விழவில்லை. அந்தச் சறுக்கலில்தான் விஷயமே இருக்கிறது. 1964இல் வந்த ராணுவ ஆட்சி 1985இல்தான் அங்கே முடிந்தது. திரும்பிய பக்கமெல்லாம் கத்தோலிக்கம். அந்த ஊரில் சாத்தானைக் கூப்பிடுவதும் பர்மிங்ஹாமில் கூப்பிடுவதும் ஒன்றல்ல.

1987இல் ஆந்த்ரேயாஸ் கிஸ்ஸர் வந்ததும் கிதார் ஒழுங்குக்கு வந்தது. 'பினீத் தி ரிமெய்ன்ஸ்' (1989), 'அரைஸ்' (1991) இரண்டும் தேர்ந்த த்ராஷ். இரண்டுக்குமே அமெரிக்கரான ஸ்காட் பர்ன்ஸ் தயாரிப்பாளர். 'அரைஸ்' ஃப்ளோரிடாவிலேயே பதிவானது. எங்கள் பையன்களும் உங்களைப் போலவே வேகமாக வாசிப்பார்கள் என்று மையத்திடம் சான்றிதழ் வாங்கும் கட்டம் இது. சான்றிதழ் கிடைத்தது. போகட்டும்.

உண்மையான உடைப்பு 'கேயாஸ் ஏ.டி.' (1993) தொகுப்பில்தான் நடக்கிறது. பாடகர் மாக்ஸ் கவலேராவின் இன்னும் பிறக்காத மகனுடைய இதயத்துடிப்போடு முதல் பாட்டு தொடங்குகிறது. அதன்மேல் தோல்வாத்தியத் தாளம், பிறகுதான் கிதார். வேகம் குறைந்திருக்கிறது. விமர்சகர்கள் இதைச் சந்தைக்கான சமரசம் என்றார்கள். நான் வேறுமாதிரி பார்க்கிறேன். த்ராஷில் வேகம் என்பது பந்தயம். அடிக்கும் அடிக்கும் நடுவே வேறு யாரும் நுழைய இடமிருக்காது. பந்தயத்தைக் கைவிட்டதும் இடைவெளி கிடைத்தது. இகோர் கவலேராவின் டிரம்முக்குள் சம்பா ஊர்வலத்தின் நடை புகுந்தது அந்த இடைவெளி வழியாகத்தான். கூடவே தெருவும் புகுந்தது. சாவு பௌலோவின் கரண்டிரு சிறையில் 1992 அக்டோபர் 2 அன்று ராணுவக் காவல்துறை 111 கைதிகளைக் கொன்றது. அதைப் பற்றி இதில் ஒரு பாட்டு இருக்கிறது. சாத்தான் காணாமல் போய் அந்த இடத்தில் சீருடை வந்து நிற்கிறது. 'வேர்' என்ற சொல் இங்கே எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நிலம் பறிபோன கயோவா பழங்குடியினரின் தற்கொலைகளை நினைத்துச் செய்த ஒரு வாத்திய இசைத்துண்டும் உண்டு. பதிவான இடம் வேல்ஸில் ஒரு கோட்டையின் இடிபாடு. சிரிப்பு வருகிறதுதான், ஆனாலும் அந்தத் துண்டில் சொற்கள் இல்லை. கயோவாக்களுக்குப் பதிலாக யாரும் பேச முன்வரவில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கிறது.

இனி 'ரூட்ஸ்'. தந்திகளின் சுருதி இன்னும் கீழே இறங்குகிறது. பாஹியாவின் கார்லினோஸ் பிரௌன் தாளவாத்தியங்களோடு வருகிறார், போர்த்துகீசியம் வருகிறது. உடம்பை உலுக்கும் இசை, மறுக்கவில்லை. ஆனால் அட்டையைப் பாருங்கள். அதிலுள்ள பழங்குடி முகம் 1000 குரூசேரோ பண நோட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அதே நோட்டில்தான் காடுகளுக்குள் தந்திக்கம்பி இழுத்த, 1910இல் அரசின் இந்தியர் பாதுகாப்புத் துறையைத் தொடங்கிவைத்த ராணுவ அதிகாரி ரோண்டோனும் இருக்கிறார். அதாவது வேரைத் தேடிப் போனவர்கள் கையில் முதலில் அகப்பட்டது அரசு அச்சடித்துக் கொடுத்த வேர். நாமும் இந்தச் சொல்லைப் போட்டுத் தேய்த்தவர்கள்தான். அச்சடித்தது யார் என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்?

அதற்காகத் தொகுப்பையே தூக்கியெறிய முடியாது. மாத்தோ குரோஸ்ஸோவில் ஷவாந்தே மக்களின் ஊருக்கே போய் அவர்களோடு பதிவுசெய்த பகுதி ஒன்று இருக்கிறது. மின்கிதாரின் இரைச்சலை வெளியே நிறுத்திவிட்டு, சாதாரண கிதாரோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். ஷவாந்தே குரல்கள் முன்னால் நிற்கின்றன. பெயர் 'இட்சாரி', அவர்கள் மொழியில் வேர். மற்ற பாட்டுகளில் பழங்குடி ஒரு வண்ணம். இங்கே மட்டும்தான் ஆள்.

1996 டிசம்பரில் மேலாளர் பிரச்சினையில் மாக்ஸ் வெளியேறினார். அவருக்குப் பதிலாக கிளீவ்லாண்டிலிருந்து டெரிக் கிரீன் வந்தார், கறுப்பர், அமெரிக்கர். 'அகெய்ன்ஸ்ட்' (1998) வந்தபோது இது செபுல்துராவே இல்லை என்று முறைத்துக்கொண்ட ரசிகர்கள் நிறையப் பேர். ஆப்பிரிக்கத் தாளத்தைத் தங்கள் வேர் என்று கொண்டாடிய கூட்டத்துக்கு ஒரு கறுப்புப் பாடகர் அந்நியராகத் தெரிந்தார்.

கவலேரா சகோதரர்கள் 2023இல் 'மார்பிட் விஷன்ஸ்' முழுவதையும் மறுபடி பதிவுசெய்தார்கள். சுருதி சரியாக இருக்கிறது, ஒவ்வோர் அடியும் துல்லியமாகக் கேட்கிறது. நான் பழையதையே போட்டுக் கேட்கிறேன்.